ஏறுவது இரண்டு நிமிஷம், உட்காருவதுதான் வித்தை!

– இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நண்பர்கள் பலரும் ரோபோ, சோலார், பேட்டரி வண்டி என்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ‘தென்னை மரத்தில் உட்காருவது எப்படி?’ என்று எழுதிக் கொடுத்தேன். மலர்க் குழுவில் இருந்த சீனியர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, ஏறுவது எப்படின்னுதானே இருக்கணும்?” என்று கேட்டார்.

இல்லை நண்பர்களே. உட்காருவது என்றுதான் எழுதியிருந்தேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் மாமா (அம்மாவின் தம்பி) உடுமலைப் பக்கம் தென்னை ஏறுகிறவர். ஒரு நாளைக்கு அறுபது மரம் சாதாரணமாக ஏறி இறங்குவார். நான் பத்தாவது படித்தபோது ஒரு வைகாசி மாதக் காலையில் நாற்பது அடி மரத்திலிருந்து விழுந்துவிட்டார். ஏறும்போது விழவில்லை, இறங்கும்போதும் விழவில்லை. கொண்டைக்குப் போய், இடது கையில் ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கொடுவாளை இடுப்பிலிருந்து உருவியபோது விழுந்தார். பிடித்திருந்த மட்டை காய்ந்த மட்டை. அடியோடு கழன்று கையோடு வந்துவிட்டது.

“ஏறத் தெரியாம விழுகல மாப்ளே. மட்டைய நம்பினேன், அது என்னைய உட்டுருச்சு.” இதுதான் அவர் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

தண்ணீர் பாய்ந்த ஈர வரப்பில் விழுந்ததால் உயிர் தப்பினார். இடுப்பெலும்பு உடைந்து ஆறு மாதம் படுக்கை. இன்றைக்கும் ஒரு கால் சற்றுக் கட்டை. இப்போது திருப்பூரில் எங்கள் லைன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்து, பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறார்.

நாம் படித்த மெக்கானிக்ஸ் பாடத்தை இதற்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது அடி என்பது ஏறத்தாழ 12 மீட்டர். அந்த உயரத்திலிருந்து விழுகிறவர் தரையைத் தொட 1.6 வினாடிகூட ஆகாது. தொடும்போது வேகம் வினாடிக்குச் சுமார் 15 மீட்டர், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர். ஓடுகிற பஸ் சுவரில் மோதுகிற வேகம்! ‘ஐயோ’ என்று கத்தக்கூட நேரமில்லை.

மூன்றாவது கை

மாமா விழுந்த கதையை யோசித்தபோது எனக்குப் பட்டது இதுதான். மரம் ஏறும்போது இரண்டு கையும் இரண்டு காலும் மரத்தில் இருக்கின்றன. மேலே போனபின் ஒரு கை கொடுவாளுக்கு, இன்னொரு கை குலைக்கு. மரத்தைப் பிடிக்க கை எங்கே? அந்த மூன்றாவது கைதான் கயிறு.

இது புது யோசனை இல்லை. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் ஒரு சாரார் மரத்தில் பலகை அடித்து உட்காருவதில்லை. இடுப்பிலும் தொடையிலும் நாடாவாலான ஒரு சேணத்தை மாட்டி, மரத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் சாய்ந்துகொண்டு மணிக்கணக்கில் இருக்கிறார்கள். கை இரண்டும் சும்மா இருக்கும், சத்தமும் வராது. நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். ஆகவே அந்த வேலை நமக்கு வேண்டாம். ஆனால் அந்தச் சேணம் வேண்டும்!

அப்படிப் பார்த்தால் நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. தினைப்புனம் காக்க ‘இதணம்’ என்ற பரண் கட்டி உட்கார்ந்ததைச் சங்க இலக்கியம் சொல்கிறது. பனையேறிகள் காலில் தளைநார் போட்டு ஏறினார்கள். கள்ளுக்கு 1987-ல் தமிழ்நாட்டில் தடை வந்தபின் அந்தத் தொழில் சுருங்கி, பதநீரோடு நின்றது. தென்னைக்கு மெஷினும் வந்தது. கேரளாவில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி கண்டுபிடித்த, நின்றுகொண்டே ஏறும் மெஷினைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு காலுக்கு ஒரு சட்டம்; மரத்தைச் சுற்றி இரும்புக் கயிறு. எடை விழுந்தால் கயிறு இறுகும், காலைத் தூக்கினால் தளரும். எளிமையான, அருமையான தத்துவம்! ஆனால் அந்த மெஷினில் ஏறினாலும் தனியாகப் பெல்ட் கட்டாவிட்டால், கொண்டையில் கொடுவாளை உருவுகிற நிமிஷத்தில் மாமாவின் கதைதான்.

என் அதிகப்பிரசங்கம்

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நாடாவுக்கும் தையல் மெஷினுக்கும் திருப்பூரில் பஞ்சமா? கடைவீதியில் அகல நாடா வாங்கி வந்து, “அம்மா, இதை மடிச்சு நாலு தையல் போட்டுக் குடுங்க” என்றேன். அம்மா பேட்லாக் டெய்லர். கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தைத்துக் கொடுத்தார்.

ஊருக்குப் போய் வேப்பமரக் கிளையில் அந்தப் பெல்ட்டைக் கட்டி, ஐம்பது கிலோ மணல் மூட்டையை மாட்டி, ஓரடி தூக்கி விட்டேன். ‘டர்ர்ர்’ என்று ஒரே சத்தம். மூட்டை கீழே. நாடா அறுந்துபோகவில்லை, தையல்தான் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை உருவிக்கொண்டு போயிருந்தது.

காரணம் அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சங்கிலித் தையல். கண்ணிக்குள் கண்ணி நுழைந்து போகும். துணி இழுபட்டால் தையலும் கூடவே இழுபடும் என்பதால் பனியனுக்கு அதுதான் சரி. ஆனால் ஒரு நூல் அறுந்து சரியான முனையை இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும். ஏறுபெல்ட்டில் தடித்த பாலியஸ்டர் நூலால், மேல்நூலும் கீழ்நூலும் ஒவ்வொரு தையலிலும் பூட்டிக்கொள்கிற மாதிரி, கட்டம் போட்டு அதற்குள் பெருக்கல் குறியாகத் தைத்திருப்பார்கள். நாடா ஒரு கலர், நூல் வேறு கலர். ஒரு இழை அறுந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

“துணிக்குப் போடற தையல் வேற சாமி, ஆளுக்குப் போடற தையல் வேற” என்றார் அம்மா. அதோடு சொந்தத் தயாரிப்பை மூட்டை கட்டினேன். கோவைக்குப் போய் ஐ.எஸ். 3521 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் போட்ட முழு உடல் பெல்ட் ஒன்று வாங்கினேன். இடுப்பின் இரு பக்கமும் டி வளையம் இருக்கிறதா, தொடைப் பட்டை அகலமா என்று பார்த்து வாங்குங்கள். ஆசிட், பெயின்ட் பட்ட பெல்ட்டும், ஒரு தடவை ஆளை விழாமல் தாங்கிய பெல்ட்டும் மறுபடி உபயோகத்துக்கு ஆகாது.

கோணமும் தொய்வும்

சேணம் எப்படித் தாங்குகிறது? கயிறு மரத்தைச் சுற்றி வந்து இடுப்பில் சேர்கிறது. நாம் பின்னால் சாய்கிறோம். பாதமோ முழங்காலோ மரத்தை உதைக்கிறது. அறுபது கிலோ ஆள், பாதம் எடை எதையும் தாங்கவில்லை என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

கயிறு மரத்தோடு 30 டிகிரி கோணத்தில் இருந்தால் கயிற்றின் இழுவை 69 கிலோ. மரத்தை உதைக்க வேண்டிய விசை 35 கிலோ. கோணம் 45 டிகிரி ஆனால் இழுவை 85, உதை 60. 60 டிகிரிக்குப் போனால் இழுவை 120, உதை 104! அதாவது கயிற்றைத் தாழக் கட்டி நீளமாக விட்டால் முட்டி வலிக்கும், இடுப்பு வலிக்கும், கயிறும் தேயும். தலை உயரத்துக்கு மேலே கட்டிக் குட்டையாகப் பிடித்தால் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கட்டும் உயரம் ஓரடி மாறினால் உடம்பே வித்தியாசம் சொல்லும்.

இன்னொன்று தொய்வு. கயிறு 60 சென்டிமீட்டர் தொய்ந்திருக்கும்போது கால் வழுக்கினால், 60 சென்டிமீட்டர் விழுந்த பிறகே கயிறு பிடிக்கும். இழுபடாத கயிறாக இருந்து 5 சென்டிமீட்டருக்குள் ஆளை நிறுத்தினால், சராசரி விசை எடையைப் போல் பதின்மூன்று மடங்கு, அதாவது 780 கிலோ! அதே ஆளை 30 சென்டிமீட்டர் தூரத்தில் மெதுவாக நிறுத்தினால் 180 கிலோதான். நைலான் கயிறு இழுபடும், அடியை வாங்கிக்கொள்ளும்; ஆனால் நனைந்தால் பலம் குறையும். பாலியஸ்டர் அதிகம் இழுபடாது, வெயிலை நன்றாகத் தாங்கும். எந்தக் கயிறானாலும் சட்டம் ஒன்றுதான்: தொய்வு விடாதே!

கீழே செய்ய வேண்டிய வேலை

நண்பர்களே, மரத்தில் நடக்கிற தவறில் பாதி கீழேயே தொடங்கிவிடுகிறது. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் பையைக் கவிழ்த்துக் கொட்டினால் கயிறு சிக்கும், கொக்கி மோதும், கோபம் வரும். முதல் நாள் எனக்கு மாட்டி முடிக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. பையை ஒழுங்கு செய்தபின் ஆறு நிமிஷம்! நான் செய்கிற வரிசை இது:

1. பத்து நிமிஷம் சும்மா நின்று கொண்டையைப் பார்க்கிறேன். கடந்தைக் கூடு, மட்டையைத் தொடும் கரண்ட் கம்பி, மழை ஈரம், தண்டில் வெடிப்பு. இவற்றில் எது இருந்தாலும் அந்த மரம் இன்றைக்கு இல்லை.

2. கடைசியில் வேண்டியது பையில் அடியில். முதலில் வேண்டியது மேலே. மேலே பெல்ட், அடுத்து இடுப்புக் கயிறு, அடுத்து உயிர்க்கயிறு, அடியில் கொடுவாள்.

3. இரும்புக் கொக்கி, வளையம் எல்லாவற்றிலும் பனியன் வேஸ்ட் துணியை இறுக்கிச் சுற்றியிருக்கிறேன். கொக்கியின் பூட்டு மட்டும் திறந்து மூட இடம் வேண்டும். திருப்பூரில் வேஸ்ட் துணி கிடைக்காத தெரு உண்டா?

4. பெல்ட்டை நின்றபடி மாட்டி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கயிற்றைக் கட்டி, முழு எடையோடு சாய்ந்து பார்க்கிறேன். கீழே வலித்தால் மேலே இரண்டு மடங்கு வலிக்கும்.

5. கொடுவாளை உறையில் போட்டு, அதற்கென ஒரு சிறு கயிறு கட்டுகிறேன். கை தவறினாலும் கீழே நிற்பவர் தலையில் விழக்கூடாது.

சத்தம் போடாதே, ஏன்?

வேட்டைக்காரர் மானுக்காகச் சத்தம் போடாமல் இருக்கிறார். நமக்கு வேறு காரணம் இருக்கிறது. அதன் பெயர் கடந்தை. சில ஊரில் கதண்டு என்பார்கள். தென்னை, பனைக் கொண்டையில் பெரிய கூடு கட்டும். கூட்டமாகக் கொட்டினால் ஆளே போய்விடும். மரம் அதிர்ந்தாலே அதற்குக் கோபம் வந்துவிடும். மரத்தில் மெஷினைத் ‘டங், டங்’ என்று மோதிக்கொண்டு போவது, கதவைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி! ஒரே வழியில் பூச்சிகள் வருவதும் போவதுமாக இருந்தால் கூடு இருக்கிறது என்று அர்த்தம். கல் எறியாதீர்கள், தீவட்டி பிடிக்காதீர்கள். 101-க்குப் போன் போட்டுத் தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள்.

சத்தமில்லாமல் வேலை செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. கீழே நிற்பவர் பேசுவது நமக்குக் கேட்கும். மட்டை முறிகிற ‘கிர்ர்’ சத்தமும் கேட்கும்.

மேலே செய்ய வேண்டிய வேலை

சட்டம் இரண்டே இரண்டு. ஒன்று, எந்த நிமிஷமும் ஏதாவது ஒரு கயிறு மரத்தில் இருக்க வேண்டும். கொண்டைக்குக் கீழே தொங்கும் மட்டையைத் தாண்ட இடுப்புக் கயிற்றைக் கழற்ற நேர்ந்தால், முதலில் இரண்டாவது கயிற்றைத் தாண்டிக் கட்டு, சாய்ந்து பார், பிறகு முதல் கயிற்றைக் கழற்று. இரண்டு, கயிறு தண்டைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். மட்டையில் கட்டக் கூடாது, பாளையிலும் கூடாது. மட்டை இன்றைக்குப் பச்சை, நாளைக்குக் காய்ச்சல்!

கொண்டையில் நின்று இளநீர்க் குலை இறக்குவது, காய்ந்த மட்டை, பன்னாடை எடுத்துச் சுத்தம் செய்வது போன்ற நேரம் பிடிக்கிற வேலைக்கு, உயிர்க்கயிறு என்று இன்னொன்று போடுகிறேன். தண்டில் ஒரு பட்டையைச் சுருக்கு மாட்டி, அதில் ஒரு வளையம். என் பெல்ட்டிலிருந்து போகும் கயிறு அந்த வளையத்துக்குள் நுழைந்து கீழே இறங்கி, பக்கத்து மரத்தின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். நாற்பது அடி மரத்துக்கு நூறடி கயிறு வேண்டும். வளையத்தில் இரு பக்கக் கயிறும் இழுப்பதால் மேலே உள்ள சுருக்குக்கு என் எடையைப் போல் இரண்டு மடங்கு வரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கயிற்றை ஏன் கீழே கட்ட வேண்டும்? பெல்ட்டில் அசைவில்லாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கிவிடும். சில நிமிஷத்தில் மயக்கம், அதற்கு மேல் உயிருக்கே ஆபத்து. கடந்தை கொட்டியோ, தலை சுற்றியோ நான் மேலே மயங்கிவிட்டால், கயிற்றை மேலே கட்டியிருந்தால் இன்னொருவர் ஏறி வரும்வரை தொங்க வேண்டியதுதான். கீழே கட்டியிருந்தால் அங்கே நிற்பவரே இறக்கிவிடலாம்.

அறுபது கிலோ ஆளை ஒரு ஆள் கையால் இறக்க முடியுமா? முடியும். உருளையைச் சுற்றிய கயிற்றில், உராய்வு எண் 0.3 என்று எடுத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு இழுவை 6.6 மடங்கு குறைகிறது. இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு! அறுபது கிலோவை ஒன்றரைக் கிலோ பிடியில் நிறுத்திவிடலாம். இருபது கிலோ இளநீர்க் குலை ஒரே சுற்றில் மூன்று கிலோவாகிவிடும். பெல்ட் டிரைவ் பாடத்தில் மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அதே சூத்திரம்தான். ஒரு உயிரைத் தாங்கப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

மாமாவின் கணக்கு

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “மாப்ளே, கூலி மரத்துக்குத்தான், கயித்துக்கு இல்ல. நீ சொல்றதெல்லாம் கட்டினா அறுபது மரம் முப்பதாயிரும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் வாட்சை வைத்து அளந்தேன். காய் வெட்டி உடனே இறங்குகிற மரத்துக்கு இடுப்புக் கயிறு மட்டும் போட்டால், ஒரு மரத்துக்குக் கூடுதலாக அரை நிமிஷம். அறுபது மரத்துக்கு முப்பது நிமிஷம். உயிர்க்கயிறு நேரமெடுக்கும் மரத்துக்கு மட்டும். மாமாவிடம் கணக்கைக் காட்டி, “தினம் அரை மணி நேரங்க மாமா. நீங்க படுக்கைல கிடந்தது ஆறு மாசம்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போன பொங்கல் லீவில் ஊர்த் தோப்பில் முதல் தடவையாக நாற்பதடி ஏறினேன். அதற்கு முன் ஒரு மாதம் பத்தடிக்கு மேல் போக மாமா விடவில்லை. பக்கத்து மரத்தில் இரண்டு சுற்று சுற்றி, கயிற்று முனையைப் பிடித்து நின்றவர் அவர்தான். கொண்டைக்குப் போய்ச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் விட்டேன். கீழேயிருந்து குரல் வந்தது.

“மாப்ளே, கை ரெண்டும் சும்மாவா இருக்குது?”

“ஆமாங்க மாமா.”

“அப்ப காயப் போடு. எதுக்குடா ஏறுன?”

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்துத் தோப்புகளில் ஏறுகிற பையன்களுக்குக் கயிறு பிடிக்கப் போகிறார். மரம் ஏற முடியாத ஆளுக்கும் மரத்தடியில் வேலை இருக்கிறது!

நண்பர்களே, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நேராக மரத்தில் ஏறிவிடாதீர்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பெயரில் ஏறும் பயிற்சியைத் தொடங்கியது. ஏறுகிறவர்களுக்கு ‘கேர சுரக்‌ஷா’ என்ற விபத்துக் காப்பீடும் அந்த வாரியத்தில் உண்டு. முதலில் பயிற்சி, பிறகு காப்பீடு, அதற்குப் பிறகே மரம்.

நம் வகுப்பிலேயே அப்பாவோ, அண்ணனோ, மாமாவோ மரம் ஏறுகிற வீடு எத்தனை இருக்கும்? உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம், பொங்கலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! இந்த வாரம் வீட்டுக்குப் போனதும் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மேல போனதும் எதைப் பிடிச்சுக்குவீங்க?”

‘மட்டையை’ என்று பதில் வந்தால், நமக்கு வேலை இருக்கிறது.